போஞ்சிக் கொடியில் ஒரு சிவப்புத் துணி

நேற்று மஸ்கெலியா பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பாதையோரத் தோட்டத்தில், பீன்ஸ் என்கிற போஞ்சிக் கொடிகளுக்கு நடுவே ஒரு கம்பில் சிவப்புத் துணி ஆடியது. காற்றில் பூச்சிமருந்து வாடை. பஸ் வந்தது, நான் ஏறவில்லை. சிரிக்காதீர்கள், இந்த வயதிலும் அந்தத் துணியைக் கண்டால் நின்றுவிடுவேன்.

அப்போது எனக்கு இருபது வயது. மஸ்கெலியாவில் ஒரு விதைக் கடையில் வேலை. நாலு மருந்துப் போத்தல்களின் பெயர் மனப்பாடமானதும் விவசாயமே கைக்குள் வந்துவிட்டதாக ஒரு மிதப்பு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் எங்கள் போஞ்சியில் காய்ப்புழு விழுந்தது. சாம்பல் தூவப்போன அம்மாவைத் தடுத்துவிட்டுக் கடையிலிருந்து மருந்து கொண்டுவந்து அடித்தேன்.

கடை முதலாளி படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தார்: "அடிச்சா ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, காயில கை வைக்கப்படாது தம்பி. செவப்புத் துணி ஒண்ணு கட்டுங்க. பக்கத்துல எல்லாருக்கும் சொல்லிருங்க."

துணியைக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் சிவப்பாக இருக்கிறதே, போதாதா என்று இருந்துவிட்டேன்.

எங்கள் லயத்தில் குழம்புக்கு ஒரு பிடி காய் வேண்டுமென்றால் யாரும் கேட்பதில்லை, எட்டிப் பறித்துக்கொள்வதுதான். பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவும் அன்று சாயங்காலம் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த கையோடு ஒரு பிடி பறித்திருக்கிறார். அடுப்பில் ஏற்றுமுன்பே அவருடைய ஆறு வயது மகள் செல்வி நாலைந்து காயைப் பச்சையாகக் கடித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. வாயில் நுரை.

தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்கா மடியில் பிள்ளை துவண்டு கிடந்தாள். எதிரே குந்தியிருந்த நான், "துணிய பாக்கலியாக்கா?" என்றேன். அந்தக் கேள்விக்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை.

"பாத்தேன் தம்பி. காய்ப்பு நல்லா இருக்கே, கண்ணு படாம இருக்கத்தான் கட்டியிருக்கன்னு நெனச்சேன்."

செல்வி பிழைத்துக்கொண்டாள். வீடு திரும்பிய அன்றே அக்கா ஒரு தட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். தட்டில் மிச்சப் போஞ்சி, வாடிக் கிடந்தது.

"கேக்காம பறிச்சது என் தப்புதான் தம்பி."

'இல்லக்கா, என் தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டை வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு எங்கள் லயத்தில் எல்லாரும் கேட்டுத்தான் பறித்தார்கள். நானும் மருந்தை விட்டுச் சாம்பலுக்குத் திரும்பினேன். கொடி வேலி தாண்டி அக்கா வீட்டுப் பக்கமே காய்த்துத் தொங்கும். "பறிங்கக்கா, இப்ப மருந்து அடிக்கிறதில்ல" என்பேன். "ஆகட்டும் தம்பி" என்பார். அவர் கொழும்புக்குப் போகும்வரை அந்தப் பக்கத்துக் காயெல்லாம் கொடியிலேயே முற்றி உலர்ந்தது.