தகப்பன் நிற்கிற இடம்

சூசைமாணிக்கம் ஞானத்தகப்பன் ஆனது பதினாறு வயதில். அக்காள் பரிபூரணம் பெற்ற பெண்பிள்ளை பிறந்ததுமே நீலம் பாரித்துவிட்டது. மச்சான் பட்டாளத்தில். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி ஞானத்தகப்பனாக நிற்பதாகச் சொன்னவர் கூமாப்பட்டியிலிருந்து வந்து சேரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயிலில் சாமியார் தீர்த்தமும் கையுமாக நிற்கிறார்.

"ஏலே, தாய்மாமன் நிக்கக் கூடாதுலே! பொறவு இவளக் கட்டுற முறை போயிரும்," என்று பெரியம்மா முத்தாத்தாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஞானத்தகப்பன் ஞானமகளைக் கட்டக் கூடாது. அது திருச்சபைச் சட்டம்.

"மொதல்ல உசுரு நிக்கட்டும், பெரியம்மா. முறைய அப்பறம் பாப்போம்."

பிள்ளையை அவன்தான் ஏந்தினான். பசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் பிள்ளையைக் கேட்க, பிள்ளைக்காக இவன், "விட்டுவிடுகிறேன்," என்றான்.

பிள்ளை பிழைத்தது. ஞானரத்தினம் என்று பேர். வருஷங்கள் ஓடி, யுத்தம் வந்து, மச்சான் பர்மாவில் மண்ணாகிப் போனார். மாணிக்கம் ராஜபாளையம் ரூட்டில் கரி பஸ் ஓட்டினான். பெட்ரோலுக்குப் பஞ்சம், பஸ்ஸின் முதுகில் அடுப்பைக் கட்டி, கரியைக் கொட்டி, புகையைக் குடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பெண்டாட்டி வாந்திபேதியில் போய்விட்டாள். வீட்டுக்குப் போனால் அங்கே அடுப்பு எரியாது.

பரிபூரணம்தான் கலியாணப் பேச்சை எடுத்தாள். "நீயும் ஒத்தையா கெடக்க. ரத்தினத்துக்கும் அப்பன் இல்ல. பிஷப்பு மேற்றிராணியாருக்கு எழுதினா கட்டிக்க உத்தரவு வாங்கிரலாம்னு சாமியாரு சொல்லுதாரு."

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் நிஜம். முப்பத்தாறு வயது மனுஷன், சோறு போட ஆள் வேண்டும் என்று நினைத்தது குற்றமா? ராஜபாளையத்தில் கரை வேட்டி ஒன்று எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போனான். ரத்தினம் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"ஞானப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"கலியாணத்தன்னைக்கு என்னையக் கையப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போறது யாரு?"

செம்பு கையிலேயே இருந்தது. அப்பன் இல்லாத பெண்ணை ஞானத்தகப்பன்தான் அழைத்துப் போக வேண்டும். பீடத்தடியில் மாப்பிள்ளையாக இவன் நின்றுகொண்டால், வாசலில் தகப்பனாக நிற்பது யார்?

"ஏட்டி, என்ன பேச்சுப் பேசுத?" என்று பரிபூரணம் சீறினாள்.

"அவள வையாதக்கா," என்றான். "கேக்க வேண்டியதத்தான் கேட்டிருக்கா." பிறகு ரத்தினத்திடம், "நாந்தான் கூட்டிட்டுப் போவேன். போதுமா?" என்றான். அவள் அழுதுவிட்டாள்.

ஈஸ்டர் என்கிற பாஸ்கு திருநாள் கழிந்ததும் போலீஸ்காரப் பையன் ஒருவன் மாப்பிள்ளையாக அமைந்தான். கலியாணத்தன்று மாணிக்கம் நகக்கண்ணில் ஏறிய கரியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். முழுக்கப் போகவில்லை. அந்தக் கையால்தான் அவளைப் பிடித்துப் பீடம்வரை நடந்து, மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

முத்தாத்தாள் அவன் இடுப்பையே பார்த்தாள்.

"வேட்டி புதுசா இருக்கே. இதுக்கா எடுத்த?"

"இதுக்குத்தான், பெரியம்மா," என்றான்.