ஆடியில் டூர் போகிறவர்

கேமராவைக் கையில் வாங்கியதும் அறிவுச்செல்வன் அதை முதலில் காதோரம் வைத்துக்கொள்கிறார். கண்ணுக்குப் போவது அப்புறம்தான். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். உள்ளிருந்து சின்னதாக ஒரு மணிச்சத்தம் வந்ததும் அவர் முகம் சுருங்குகிறது.

"சத்தம் போடுது தம்பி."

"மெனுவுல போயி ஆஃப் பண்ணிரலாம்ணே" என்கிறான் ஜெயகணேஷ். நெய்வேலி மெயின் பஜாரில் கேமராக் கடை வைத்திருப்பவன். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்து பர்மனன்ட் ஆகி, பையனுக்குக் கடை வைத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர்.

சத்தத்தை நிறுத்தியாகிறது. அறிவுச்செல்வன் நம்பவில்லை. பேட்டரியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி காதோரம். இப்போது சத்தம் இல்லை.

"டூர் போற கேமராவுக்கு எதுக்குண்ணே சத்தம் கேக்கக் கூடாது?"

"கோயில் கோயிலாப் போவோம். உள்ள சாமி தூங்கிக்கினு இருக்கும். நம்ம போயி எழுப்பி வெச்சா நல்லாவா இருக்கும்?"

சாமி கும்பிடாதவர் சொல்கிற பதில் இது என்பது ஜெயகணேஷுக்குத் தெரியும். ஒரு மாதத்தில் நான்காவது முறையாக வந்திருக்கிறார். காசியா, கோவாவா என்று கேட்டால் "சுத்துப்பட்டுதான்" என்பார். சுத்துப்பட்டுக்குப் போக எதற்கு இத்தனை சோதனை என்று அவன் கேட்டுக் களைத்துவிட்டான்.

அடுத்தது எடை. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிராம் கணக்கை அவர் ஏற்பதில்லை. "பேட்டரி இல்லாம எடை போட்டு அடிச்சிருப்பான்" என்பது அவர் வாதம். அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் நம்புவதில்லை என்று பள்ளிக்கூடக் காலத்திலேயே முடிவு செய்துகொண்டவர். வண்டிச் சாவியை ஜெயகணேஷின் மேஜைமேல் ஈடாக வைத்துவிட்டு, நான்கு கடை தள்ளிக் காய்கறி விற்கும் ராஜாம்பாளிடம் கேமராவைக் கொண்டுபோகிறார். அந்தம்மா தராசுத் தட்டிலிருந்த வெண்டைக்காயை வழித்துத் தள்ளிவிட்டு இடம் கொடுக்கிறார்.

"எரநூத்தி பதினெட்டு. ரெண்டு கத்திரிக்காதான்யா உன் கேமரா. கொத்தமல்லி கொசுறு வேணுமா?"

அறிவுச்செல்வன் சிரிக்காமல் அங்கேயே நின்று வலக்கையை நீட்டி, கேமராவை மார்பு உயரத்தில் பிடித்துக்கொள்கிறார். ராஜாம்பாளின் சுவர்க்கடிகாரத்தில் இருபது நிமிடம் போக வேண்டும். கை ஆடக் கூடாது. வாங்க வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. பத்தொன்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ எடுக்கிறார். தோளில் ஏற்றும் பெரிய கேமரா, அதன் தலையில் கண்ணைக் கூசும் விளக்கு. வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்துவிட்டது. கேமரா பெரிதாக இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் மதிக்க மாட்டார்கள். ஆகவே இரண்டு கத்திரிக்காய் எடையுள்ள இந்தச் சாமான் தொழிலுக்கு உதவாது என்பதும் அவருக்குத் தெரியும். முத்தாண்டிக்குப்பத்துக் காலனியில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் மகன். சில ஊர்களில் மணமேடைக்கு மிக அருகில் நிற்க அவருக்கு அனுமதி உண்டு, பந்தியில் உட்கார இல்லை. சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். கேமராவுக்குத் தீட்டு இல்லை, அதைத் தூக்குகிறவனுக்கு உண்டு என்று கண்டுபிடித்தவர்களின் நுண்ணறிவை அவர் அடிக்கடி பாராட்டுவார்.

கதை தொடங்கியது ஏழு ஆண்டுகளுக்கு முன், பண்ருட்டி சாலையில் சக்கரபாணி என்பவரின் கல்யாண மண்டபத்தில். ஆனி மாத முகூர்த்தம். அறுநூறு பேர் சாப்பிடும்போது பின்பக்கத்துச் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தது. அவசரமாக ஆள் வந்தது. பந்தியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படமெடுத்துக்கொண்டு போன அறிவுச்செல்வனின் கேமரா, பந்தி முடிந்த இடத்தில் திறந்திருந்த பின்கதவையும் பார்த்தது. ஒரு கயிறு, அதைப் பிடித்த இரண்டு பேர், தரையில் ஒரு சதுர ஓட்டை, அதில் இடுப்பளவு இறங்கியிருந்த பாவாடை என்கிற மனிதர். அறிவுச்செல்வனுக்கு அடுத்த தெருக்காரர். ஐந்து விநாடி. அதற்குள் யாரோ மணப்பெண் சாப்பிட வருகிறாள் என்று கூப்பிட, கேமரா திரும்பிவிட்டது.

பாவாடை ஏறி வரவில்லை. ஒதுங்கப் போனபோது கால் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்துவிட்டார் என்று போலீசில் எழுதினார்கள். அந்த எழுத்தில் இறங்கச் சொன்னவர் யாரும் இல்லை. கயிறும் இல்லை. தலையெழுத்து என்று ஊர் சொன்னது. தலையில் எழுதுகிற அந்தக் கை எப்போதும் சம்பளம் கொடுக்கிறவனின் கையாகவே இருப்பது ஊருக்கு வியப்பாகப் படவில்லை.

நான்காம் நாள் மணப்பெண்ணின் தாய்மாமன் வந்தார். கல்யாணப் படத்தில் பின்வாசல் சனியன் எதுவும் இருக்கக் கூடாது, வெட்டிவிடு என்றார். அறிவுச்செல்வன் வெட்டினார். வெட்டுவது அவர் தொழில். தும்மல், கொட்டாவி, சம்பந்திச் சண்டை என்று கல்யாணத்துக்கு ஆகாதது எல்லாம் வெட்டப்படும். அந்த வாரமே மூலக் கேசட்டின்மேல் வேறொரு கல்யாணத்தை எடுத்தார். அதுவும் தொழிலின் வழக்கம்தான். எல்லோரும் கேசட்டை இரண்டு மூன்று முறை பயன்படுத்துவார்கள்.

பதினாறாம் நாள் பாவாடையின் மனைவி செங்கமலம் வாசலில் வந்து நின்றார். அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீதானே அன்னிக்கி எடுத்துக்கினு இருந்த. அதுல எதுனா விழுந்துருக்காப்பா?"

"ஒண்ணும் விழலக்கா."

இந்தப் பதிலை அவர் யாரிடமும் மறைப்பதில்லை. தன் பெயரைக் கேட்கிற புது ஆளிடம்கூட, "அறிவுச்செல்வன். பேருதான். அறிவ ஒரு கேசட்டுல அழிச்சிட்டேன்" என்பார். கேட்டவருக்குப் புரியாது. அவர் விளக்கவும் மாட்டார்.

ஆடி மாதம் அவருக்கு வேலை இல்லை. ஆடியில் கல்யாணம் ஆகாது என்று மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்குத் தயாராக அந்த மாதத்தில்தான் வெள்ளையடிப்பார்கள், நாற்காலி எண்ணுவார்கள், தொட்டிகளைத் திறப்பார்கள். மணமகனுக்கும் மணமகளுக்கும் ஆகாத மாதம், தொட்டியில் இறங்குகிறவனுக்கு மட்டும் எப்படி ஆகிறது என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்வதில்லை. மனிதனை இறக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகும் இதே கதைதான். மெஷின் லாரி நீரை உறிஞ்சும். அடியில் கெட்டிப்பட்டதை வழிக்க, விடியற்காலையில் ஆள் இறங்கும். அந்த மாதம் முழுவதும் அறிவுச்செல்வன் தன் பழைய டி.வி.எஸ். வண்டியில் திருவதிகை, மேல்பட்டாம்பாக்கம் என்று மண்டபம் மண்டபமாகச் சுற்றுவார். அதுதான் அவருடைய டூர்.

போன ஆடியில் சக்கரபாணியின் மண்டபத்தில் ஆள் இறங்கியதைச் செல்போனில் எடுத்து மனுவோடு கொடுத்தார். வேலிக்கு வெளியிலிருந்து எடுத்த படம். பெரிதாக்கினால் மனிதன் இருந்த இடத்தில் கறுப்புச் சதுரங்கள். விசாரித்த அதிகாரி கெட்டவர் அல்ல. நாற்காலி கொடுத்து உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"இதுல மூஞ்சியே தெரியலீங்களே. ஓரமா நிக்கிறதையும் கயிறு கட்டுறதையும் வெச்சி ஒண்ணும் பண்ண முடியாதுங்க. உள்ள இறங்குனது தெரியணும். தலை உள்ள போனது தெளிவாத் தெரியணும்."

ஆகவேதான் இந்தக் கேமரா. பெரிய கேமராவைத் தோளில் ஏற்றினால் வேலிக்கு அப்பாலிருந்தே பார்த்துவிடுவார்கள். கையில் அடங்க வேண்டும், ஓசை கூடாது. கடை வாசலில் நின்று எதிர்ச்சாரி டீக்கடைக்காரரின் முகத்தை இழுத்துப் பார்த்து, மீசை முடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று சோதித்தார். லென்ஸே நகர்ந்து இழுப்பது உண்மை ஜூம், படத்தை ஊதிப் பெருக்குவது பொய் ஜூம். பொய் ஜூமை அணைத்துவைக்கச் சொன்னார். படத்தின் மூலையில் தேதியும் மணியும் விழ வேண்டும். இவ்வளவும் இந்தக் கேமராவில் இருந்தன. ஜெயகணேஷ் உற்சாகமாகி, பக்கவாட்டில் கதவுபோல் திறக்கும் சின்னத் திரையை முழுக்க முன்பக்கம் திருப்பிக் காட்டினான்.

"இதப் பாருங்கண்ணே. லென்ஸ் முன்னாடி நிக்கிற ஆளு, எடுக்க எடுக்கத் தன்னையே பாத்துக்கலாம். டூருக்கு இதான் ஜாலி."

"அது எனக்கு வேணாம்."

"வேணாம்னா கழட்டியா குடுக்க முடியும்? இருந்துட்டுப் போட்டும்ணே."

ஒரு குறைதான் இருந்தது. பதிவு ஓடும்போது முன்பக்கம் கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்தது. ஜெயகணேஷ் மெனுவை மூன்று முறை புரட்டியும் அதை அணைக்க வழி இல்லை. வழி கண்டுபிடித்தவர் அறிவுச்செல்வனின் மனைவி செவ்வந்தி. டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகச் செடி வெட்டும் கான்ட்ராக்ட் வேலை. "எம்புருசனுக்கு ஆடியில வேலை இல்ல, எனக்கு எப்ப வேணா இல்லாமப் போவும். நாங்க பர்மனன்ட் கான்ட்ராக்ட்" என்று சொல்லிக்கொள்கிறவர். தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து கறுப்புப் பொட்டு ஒன்றை உரித்து விளக்கின்மேல் ஒட்டிவிட்டார்.

"பொட்டு, விபூதி ஒண்ணும் ஆவாதுன்னு ஊரெல்லாம் பேசறவரு, இப்ப பொட்டு வெச்சிக்கினு டூரு போறாரு பாரு" என்றார். பிறகு குரல் தணிந்து, ஆள் தனியாகப் போவதால் வண்டியைச் சாலையைப் பார்த்தபடியே நிறுத்தச் சொன்னார்.

ஆடி மூன்றாம் ஞாயிறு. சக்கரபாணி மண்டபத்தின் பின்புறத்து முந்திரித்தோப்பில், வேலியை ஒட்டி, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அறிவுச்செல்வன் குந்தியிருந்தார். வண்டி சாலையைப் பார்த்து நின்றது. லாரி உறிஞ்சிவிட்டுப் போய்விட்டிருந்தது. மேஸ்திரி ராயப்பன் தொட்டியின் மூடியை நகர்த்தி, விளிம்பில் ஒரு வில்லைக் கற்பூரம் கொளுத்தினார். கற்பூரம் நின்று எரிந்தால் உள்ளே காற்று நல்லது, இறங்கலாம் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் நம்புகிற சங்கதி. பாவாடை இறங்கிய அன்றும் கற்பூரம் அழகாகத்தான் எரிந்ததாம். கொல்லும் காற்று நெருப்பை அணைக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதை அந்தக் கற்பூரத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த ஒரு மனிதன், முப்பத்தைந்து வயது இருக்கும், அக்குளுக்குக் கீழே கயிறு கட்டிக்கொண்டான். திரையில் அவன் முகம் துல்லியமாக விழுந்தது. இடது புருவத்தில் ஒரு தழும்பு. மூலையில் தேதி, மணி. பொட்டின் கீழே விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு பொறிகூட வெளியே தெரியவில்லை. ராஜாம்பாளின் கடையில் பழகிய கை கல்போல் நின்றது.

கால்கள் உள்ளே போயின. முழங்கால். அவன் இரண்டு கைகளையும் விளிம்பில் ஊன்றிக்கொண்டு மெல்ல இறங்கினான். இடுப்பு.

இந்த இடத்தில்தான் அன்றைக்குக் கேமரா திரும்பியது. இன்னும் ஒரு முழம். தலை உள்ளே போனது தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த ஒரு முழத்துக்காகத்தான் ஏழு ஆடி, நான்கு முறை கடைப்படி, ஒரு கேமரா. அது கிடைத்தால் சக்கரபாணி கூண்டில் நிற்பார். செங்கமலத்திடம் போய், இப்போது விழுந்திருக்கிறது அக்கா என்று சொல்லலாம். வேண்டியதெல்லாம், ஒரு மனிதனின் தலை தரைக்குக் கீழே போகும்வரை ஓசைப்படாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

மார்பு. அந்த மனிதன் ஒருமுறை இருமி, முகத்தைத் திருப்பி, வெளிக்காற்றை வாய்நிறைய இழுத்துக்கொண்டான்.

அறிவுச்செல்வன் நகத்தால் பொட்டைப் பிய்த்தார். சிவப்பு விளக்கு எரிய, கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியை மிதித்து உள்ளே நுழைந்தார். முள் வேட்டியைக் கிழித்தது. கயிறு பிடித்த இருவரும் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

"யார்ரா அது, இன்னா எடுக்கிற?" என்று ராயப்பன் ஓடிவந்தார்.

"எல்லாம் எடுத்தாச்சி. உன் மூஞ்சிதான் பாக்கி, இப்ப அதுவும் விழுந்துடுச்சி. ஆளத் தூக்கு."

அறிவுச்செல்வனின் சட்டையைப் பிடிக்க நீண்ட ராயப்பனின் கை, விளக்கைப் பார்த்துப் பாதியில் நின்றது. பிறகு அவர் கயிற்றுக்காரர்களைப் பார்த்து, தூக்கித் தொலைங்கடா என்றார். மார்பு, இடுப்பு, முழங்கால் என்று அந்த மனிதன் வந்த வழியே மேலே வந்து சிமென்ட் பலகையில் உட்கார்ந்தான். எண்ணெயும் சேறும் வழிய, நன்றி எதுவும் இல்லாத கண்களால் அறிவுச்செல்வனைப் பார்த்தான்.

"யாருங்க நீங்க? ஒரு மணி நேர வேல. எம் பொழப்பக் கெடுத்துட்டீங்களே."

அதிகாரி கேட்ட படம் அறிவுச்செல்வனுக்குக் கிடைக்கவில்லை. அந்த மனிதனுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். லென்ஸை அவனுக்கு நேரே வைத்து, கேமராவின் சின்னத் திரையைப் பிடித்து, முழுவதுமாகத் திருப்பி, அவன் பக்கம் காட்டினார். புருவத் தழும்போடு, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் தன் முகத்தை அவன் அதில் பார்த்தான்.