ஆணி அடிக்க யாரைக் கேட்பது

கண்டியில் வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். ஏன் என்னிடம் வருகிறார்கள் என்று எனக்கே விளங்கவில்லை. வீடு வாங்குவதில் செய்யக்கூடிய தவறுகளை எல்லாம் ஒரே வீட்டில் செய்து முடித்தவள் என்பதால் இருக்கலாம். வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு முதலில் ஒன்று சொல்வேன்: மழையில் போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

நானும் என் கணவரும் வெயிலில் போனோம். போதாக்குறைக்குப் பசியோடும் போனோம்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கலகெதரப் பக்கம் போகும் றோட்டில், ஒரு மேட்டில் இருந்தது வீடு. ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு பலாமரம், சுவரெல்லாம் பால்போலச் சுண்ணாம்பு. விற்றவர் ஒரு முஸ்லிம் முதலாளி. கம்பளையில் கடை நன்றாக ஓடியதால் குடும்பத்தோடு அங்கேயே போய்விட முடிவு செய்திருந்தார். எங்களைக் கதிரையில் உட்கார வைத்து, இனிப்புக்கு வட்டலப்பம் கொடுத்து, வீட்டின் புகழ் பாடத் தொடங்கினார்.

"பாருங்க தம்பி, எங்கட புள்ளைகள் எல்லாரும் இந்த ஊட்டுலதான் பொறந்த. ஒரு நாளும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வந்தில்ல."

உள்ளே திரைக்குப் பின்னால் அவருடைய மனைவி களுக்கென்று சிரித்தது எனக்குக் கேட்டது. வீடு வாங்குகிறவர்கள் விற்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். அவர் மனைவி எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று கேட்டால் போதும். ஆனால் அந்த வட்டலப்பத்தில் ஏலக்காயும் சாதிக்காயும் அத்தனை அளவாக விழுந்திருந்தன. எனக்கு அந்தச் சிரிப்பு விருந்தோம்பலாகத்தான் பட்டது.

"குரங்குத் தொல்லை உண்டா?" என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டுமே.

"குரங்கா? இந்தப் பக்கம் குரங்கு வாறதே இல்ல மகள்."

அந்த நேரம் எங்கள் தலைக்கு நேரே, கூரை விளிம்பிலிருந்து ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேருமே அதைப் பார்த்தோம். மூன்று பேருமே பார்க்காதவர்களாக வட்டலப்பத்தைத் தின்றோம். எனக்கு வீடு வேண்டும், அவருக்கு விற்க வேண்டும், குரங்கு நடுவில் என்ன செய்யும்? என் கல்யாண நகைகள் அந்த மாதமே கதவும் ஜன்னலுமாக மாறின.

இத்தனை அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் வேலைப் பட்டியலிலிருந்து அப்பாவின் பேரை வெட்டிவிட்டார்கள். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன, இனி வேலைக்கு ஆகாது என்றார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும், அது தோட்டத்துச் சட்டம். அம்மா இறந்து தனியாக இருந்த மனிதருக்கு, எங்கேயோ ஒரு தூரத்து உறவுக்காரர் காம்பராவில் கதவோரமாகப் படுக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் விட்டுப் படிக்க வைத்து டீச்சராக்கியவர் கதவோரத்தில் படுப்பதா? எங்களோடு வந்து இருங்கள் என்று ஆள்மேல் ஆள் விட்டுச் சொன்னேன். அவர் ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பி அனுப்பினார்: "நீங்களே இன்னொருத்தன் வீட்டுல இருக்கீங்க. ஒங்கள வெளிய போன்னு சொன்னா, என்னையும் கூட்டிக்கிட்டு எங்க போவீங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்போது நாங்கள் டவுனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் சுவரில் ஆணி அடித்தால் மட்டும் பொல்லாதவராகிவிடுவார். என் கணவரும் லயத்தில் பிறந்தவர்தான். படித்து டவுனில் ஒரு தேயிலை ஸ்டோரில் கிளாக்கராக இருந்தார். ஆணி அடிக்கக்கூடாத வீடுகளிலேயே நாங்கள் இருவரும் வளர்ந்தோம். தோட்டத்துச் சுவர் தோட்டத்துடையது. எனக்கு ஏழெட்டு வயதில், அப்பா ஒரு மாதா படம் வாங்கி வந்து காம்பராச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டார். ஆணியைப் பிடுங்க வைத்து, அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் போட்டார். அதன்பிறகு மாதா எங்கள் அரிசிப் பெட்டியின்மேல் சாய்ந்தபடிதான் இருந்தாள். அரிசி எடுக்கும்போதெல்லாம் அவளைக் கும்பிட்டு நகர்த்தி வைப்போம்.

ஆகவே சாவி கைக்கு வந்த அன்றைக்கு என் கணவர் முதலில் வாங்கி வந்த சாமான் என்ன தெரியுமா? அரிசி இல்லை, விளக்கு இல்லை. ஒரு சுத்தியலும் ஒரு பை ஆணியும்.

"டீச்சர், எங்க அடிக்கலாம்?" என்றார்.

"எங்க வேணும்னாலும்!" என்றேன்.

அன்றைக்கு எங்களுக்குப் பைத்தியம்தான் பிடித்திருந்தது. குடைக்கு ஒரு ஆணி, தொப்பிக்கு ஒரு ஆணி, கலண்டருக்கு ஒரு ஆணி, சுளகுக்கு ஒரு ஆணி. சுளகு இரவு எந்தப் பக்கம் பார்த்து இருக்க விரும்புமோ என்று இன்னொரு ஆணி. மாட்டுவதற்குச் சாமான் தீர்ந்துபோனதும், இனி வாங்கப் போகிற சாமான்களுக்கு அடித்தோம். கடைசியில் ஆணிப் பையைத் தொங்கவிட ஒரு ஆணி. முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் இருந்த சுவரில் ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. "என்ன நல்ல சுவர், என்ன இரக்கமான சுவர்!" என்று மெச்சிக்கொண்டோம்.

இங்கே என் இரண்டாவது யோசனை. சுவரைப் பார்க்காதீர்கள், விரல் மடக்கித் தட்டுங்கள். 'ணக்' என்றால் கல். 'தொம்' என்றால் வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர், மேலே சுண்ணாம்பு போட்டு மினுக்கியிருப்பார்கள். எங்கள் நடுச்சுவர் 'தொம்'. நாங்கள் தட்டவே இல்லை.

பிறகு மழை வந்தது. கண்டி மழைக்கு வெட்கம் கிடையாது, வந்தால் போகத் தெரியாது. நடுச்சுவருக்கு நேர்மேலே குரங்கு ஒரு கூரையோட்டை நகர்த்தி வைத்திருந்தது, அதன் வழியே தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. என் கணவர் சட்டென்று எழுந்து தொப்பியைப் போட்டு, குடையை எடுத்து, "கூரை ஒழுகுதுன்னு சொல்லிட்டு வாறேன்" என்று கிளம்பினார். படியிறங்கிக் கேற்றுவரை போனவர் அங்கேயே நின்றார். மழையில் அப்படியே நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்:

"டீச்சர்! யாருக்கிட்டப் போயிச் சொல்றது?"

எனக்கு வந்த சிரிப்பைச் சொல்லி மாளாது. வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே சிரித்தார். கூரை ஒழுகுகிறது, சொல்லிக்கொள்ள ஆளில்லை! உலகத்தில் இதைவிடப் பெரிய சந்தோஷம் வேறென்ன? அந்த ஒழுக்கின் கீழே பித்தளைச் செம்பை வைத்து அதன் சத்தத்தை இருவரும் உட்கார்ந்து கேட்டோம். எங்கள் சொந்த ஒழுக்கு.

அதிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மழை பெய்தால் போதும், அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து குனிந்து நிற்பார். நான் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்காருவேன்.

"தொரைசாணி, கூரை ஒழுகுதுங்க."

"பாக்கலாம், பாக்கலாம். அடுத்த மாசம்."

"போன மாசமும் அப்பிடித்தாங்க சொன்னீங்க."

"அதிகம் பேசினா அரைப்பேர்!"

ஏணி வைத்து ஏறி, நகர்ந்த ஓட்டை ஒரு தள்ளுத் தள்ளினால் முடிந்திருக்கும் வேலை. நாங்கள் செய்யவில்லை. சோம்பேறித்தனம் இல்லை. வீடு பழுதானால் சொல்வது, சொன்னால் காத்திருப்பது: எங்களுக்குத் தெரிந்த பராமரிப்பு அவ்வளவுதான். தோட்டத்துத் துரைமாரைக் கேலி செய்கிறோம் என்று நினைத்து, துரைமாரைப் போலவே அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று மழைக்காலத்தையே ஓட்டிவிட்டோம். தண்ணீர் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் நடுச்சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே மூன்றாவது யோசனை: ஒழுக்கைக் கண்ட அன்றைக்கே ஏறுங்கள். சிரித்து முடித்துவிட்டாவது ஏறுங்கள்.

மழை விட்டதும், ஜெபித்துத் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க மாதா கோயில் சாமியாரை அழைத்தோம். அப்பாவுக்கும் சொல்லி அனுப்பினோம். "மந்திரிக்கிறதுக்கு வாறேன். சாயங்காலம் திரும்பிருவேன்" என்று பதில் வந்தது. அன்றைக்கு அவரைத் திரும்பவிடக்கூடாது என்று நான் மனதுக்குள் மாதாவிடம் நேர்ந்துகொண்டேன்.

கம்பளைவரை பஸ், பிறகு ரயில் என்று பிடித்து, காலையிலேயே வந்துவிட்டார். தலைப்பாகை, மேலே ஒரு கோட்டு, தோளில் மடித்துப் போட்ட கம்பளி, கையில் பழைய வேட்டியில் சுற்றிய மாதா படம். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார், சாயவே இல்லை. கம்பளியைக் கீழே வைக்கச் சொன்னேன், வைக்கவில்லை. அவர் கண் சுவரில் ஓடியது.

"என்னா தாயி, இம்புட்டு ஆணி?"

"நாங்கதாம்ப்பா அடிச்சோம்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. இது நம்ம வீடுப்பா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. ஒரு நா வந்து வாசல்ல நிப்பாங்க, தாயி. இத்தன ஆணியப் பாத்தா சும்மா விடுவாங்களா?"

என் கணவர் சாமியாரை அழைத்து வர றோட்டுக்குப் போனார். நான் ஆட்டிறைச்சிக் குழம்பைக் கிண்டக் குசினிக்குப் போனேன். அடுப்படியில் நிற்கும்போது முன்னறையிலிருந்து சின்னச் சின்னச் சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தேன். எலி இல்லை, அப்பா. யாரும் வந்து பார்ப்பதற்குள் எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று, நடுச்சுவரில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக விரலாலேயே பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஊறிப்போன மண் ஆணியை மறுபேச்சில்லாமல் கொடுத்தது. சுளகு ஆணியைப் பிடுங்கினாரோ, கலண்டர் ஆணியைப் பிடுங்கினாரோ தெரியாது. ஒரு கதவு அகலத்துக்குச் சுவர் நின்ற இடத்திலேயே மெதுவாக உட்கார்ந்துவிட்டது.

புழுதி அடங்கியபோது, அகப்பையோடு நான் இந்தப் பக்கம். ஒரு ஆணியைப் பிடித்தபடி அப்பா அந்தப் பக்கம். அவருக்குப் பின்னால் வாசலில் என் கணவரும், கையில் தீர்த்தத்தோடு சாமியாரும். சாமியார் ஓயாமல் தும்மினார். தும்மலுக்கு நடுவில் குழம்புச் சட்டியைப் பார்த்து, "நல்லது, இனி ரெண்டு அறையையும் ஒரே இடத்தில் நின்று மந்திரித்துவிடலாம்" என்றார். எனக்குச் சிரிப்புப் பீறிட்டது. என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்லவேளை, கல்சுவரைப் பிடித்தார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நாந்தான் ஒடைச்சேன், சாமி. புள்ளைங்க மேல குத்தமில்ல. யாரு வந்து கேட்டாலும் நானே சொல்லிக்கிறேன்." அவர் மாதா படத்தைக் கக்கத்தில் இடுக்கி, கம்பளியைத் தோளில் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தார்.

என்ன சொன்னால் இந்த மனிதர் நம்புவார்? அப்போது என் கணவர் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, அகப்பையோடு நின்ற எனக்குக் குனிந்து சொன்னார்:

"தொரைசாணி, செவரு விழுந்துருச்சுங்க."

பழக்கதோஷத்தில் "பாக்கலாம்" என்று வாயெடுத்துவிட்டேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் அறியாமல் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆயுள் முழுக்கப் பதிலுக்காக நின்ற அதே நிற்பில், தன் மகளின் பதிலுக்காக நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டெல்லாம் போய்விட்டது.

"நாளைக்கே கட்டிரலாம்" என்றேன். "கூரையையும் நாளைக்கே சரிபண்ணிரலாம்."

"நாளைக்கேவா?" என்றார் அப்பா.

"நாளைக்கேதாம்ப்பா."

சாமியார் சுவர் விழுந்த இடத்தில் நின்று இரண்டு அறைகளுக்கும் தீர்த்தம் தெளித்தார், குழம்புக்கும் கொஞ்சம் விழுந்தது. மேலாக இருந்த புழுதியை அகப்பையால் வழித்துவிட்டு எல்லாரும் சாப்பிட்டோம். மண் கடிபட்டது, ஆனாலும் ருசியாகத்தான் இருந்தது. சாப்பிட்டபிறகு அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கேற்றைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கம்பளி தோளிலேயே இருந்தது. றோட்டில் மாட்டுவண்டிகள் போயின, பஸ் போனது. எங்கள் கேற்றை யாரும் திறக்கவில்லை. கடைசி ரயிலுக்கு இறங்க வேண்டிய நேரமும் வந்தது.

அவர் எழுந்து உள்ளே வந்தார்.

"யாரும் வரலையே, தாயி" என்றார்.

"வரமாட்டாங்கப்பா."

அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு ஆணியை எடுத்து, கல்சுவரைத் தடவிப் பார்த்து, "மாப்புள்ள, சுத்தியல் எங்க?" என்று கேட்டார். நடுங்கும் கையால் அவர் அடித்த முதல் அடி விரலில் விழுந்தது. வாங்க வந்த என் கணவரிடம் கொடுக்கவில்லை. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. மாதாவை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று, கொஞ்சம் சரிவாக இருக்கிறதோ என்று தலைசாய்த்துப் பார்த்தார். பிறகு பைக்குள் மறுபடியும் கைவிட்டு இன்னொரு ஆணியை எடுத்தார்.

"அது எதுக்குப்பா?" என்றேன்.

"இந்தக் கம்பளிய மாட்டத்தான்" என்றார்.