ஹென்னிங் வீட்டுக் காவலர்கள்

ஈரப் பஞ்சால் தோள்பட்டையைத் துடைக்கத் தொடங்கும் முன் ஹென்னிங் ப்ரோக்மன் ஜன்னல் திரைகளை இழுத்து மூடுவார். தெருவுக்கு எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் அவருடைய கூடத்தில் ஒரு போலீஸ் பட்டாளமே நிற்பதுபோலத் தெரியும் என்பது அவர் கவலை. நிற்பவை போலீஸ் உடுப்பு மாட்டிய பொம்மைகள். ஊரில் ஒரு துணிக்கடை மூடியபோது வாங்கி வந்தவை. எதற்கும் தலை கிடையாது. தலையோடு வந்த இரண்டுக்கும் அவரே திருகிக் கழற்றிவிட்டார். "ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வந்தா, அதுங்க என்னையே பாக்குதுங்க" என்றார்.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவர் அவர். ஐம்பத்தெட்டு வயது. அவருக்கும் ஒரு சீருடை உண்டு. அதன் காலரில் எப்போதும் கடுகுச் சாந்துக் கறை இருக்கும். அதே மனிதர் பவேரியாக் காவலர் ஒருவரின் பழைய பச்சைச் சட்டையை ஆவி இஸ்திரியில் அரை மணி நேரம் நீவுவார். பித்தளைப் பொத்தானைத் துடைக்கும்போது துணியில் கறை படாமலிருக்க அட்டையில் ஒரு பிளவு வெட்டி வைத்திருக்கிறார். பச்சை மேற்சட்டை, மங்கிய மணல் நிறக் கால்சட்டை, பிறகு மாநிலம் மாநிலமாக நீலத்துக்கு மாறிய காலத்து உடுப்புகள், சட்டைக் கையில் தைத்த மாநிலச் சின்னங்கள், பெண் காவலர்களின் தொப்பிகள் எல்லாம் அவரிடம் உண்டு. பிரேமனின் சாவி, பெர்லினின் கரடி, எங்கள் மாநிலத்தின் குதிரை என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார்.

உடுப்பு சேர்க்கிறவர் என்றதும் சிலருக்கு முகம் மாறும். அவர்கள் மனத்தில் நாஜிகள் காலத்து உடுப்பு. சந்தையில் யாராவது மேசைக்கு அடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினால் ஹென்னிங் திரும்பிப் பார்க்காமல் நகர்ந்துவிடுவார். "எனக்கு அபராதச் சீட்டு எழுதியிருக்கக்கூடிய ஆளுங்க உடுப்பு மட்டும் போதும்" என்பார்.

இவ்வளவு இருந்தும் அவருக்குப் போலீஸ் என்றால் நடுக்கம். ரோந்து வண்டி பக்கத்தில் வந்து நின்றால், சட்டைப் பையிலிருந்து கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொள்வார். நான் அதே மாடியில் அவருக்கு எதிர் வீடு; பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணைப் பிரிவில் இருக்கிறேன். பிறகு எதற்கு இந்த ஆசை என்று ஒருமுறை கேட்டேன். பஞ்சைப் பிழிந்தபடி யோசித்தார். "மாட்டி வெச்சிருந்தா அது என்னை ஒண்ணும் கேக்காது" என்றார். இதுவரை ஒன்றைக்கூட அவர் உடம்பில் போட்டுப் பார்த்ததில்லை. தெருவில் போட்டுக்கொண்டு நடந்தால் குற்றம். வீட்டுக்குள் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் போடமாட்டார்.

சேர்ப்பவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. இப்போது புழக்கத்தில் இருக்கும் உடுப்பை முழுசாக யாருக்கும் கொடுக்கக் கூடாது. சின்னத்தைப் பிரித்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் யார் என்று அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். சென்ற இலையுதிர் காலத்தில், காசல் நகரத்துப் பரிமாற்றச் சந்தையில், ஹென்னிங் இரண்டையும் மீறினார். ஒழுங்காகத் தாடி வெட்டிய ஓர் இளைஞன், பல வருடமாக இவர் தேடிக்கொண்டிருந்த சார்லாந்துப் பெண் காவலர் தொப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். "நான் இப்பதான் சார் ஆரம்பிக்கிறேன். முழு செட்டா ஒண்ணு கிடைச்சா நல்லா இருக்கும்" என்றான். ஹென்னிங் தொப்பியைப் பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை. எங்கள் மாநிலத்தின் நீல உடுப்பு, மேற்சட்டை முதல் தொப்பி வரை, கை மாறியது. ரயிலில் திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. அவன் பெயரைக்கூட அவர் கேட்டிருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் செய்தித்தாளில் ஒரு செய்தி வந்தது. எங்கள் ஊரின் பார்மென் பகுதியில் தனியாக வாழும் ஒரு பெண்மணியின் வீட்டுக்குப் போலீஸ் உடுப்பில் ஒருவன் போயிருக்கிறான். அடுத்த தெருவில் திருட்டு நடந்திருக்கிறது, உங்கள் நகைகளை நிலையத்தில் பத்திரப்படுத்த வேண்டும் என்று சொல்லி மொத்தத்தையும் வாங்கிப் போய்விட்டான். அவர் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார். நன்றியும் சொல்லியிருக்கிறார்.

ஹென்னிங் அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"என்னோடதுதான்."

"எப்படிச் சொல்றீங்க? படம்கூடப் போடலை."

"என்னோடதுதான்னு தெரியுது."

"அப்ப போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா வீட்டுக்கு வருவாங்க. உள்ள வந்து நின்னு பாப்பாங்க. இத்தனையும் எதுக்கு வெச்சிருக்கேன்னு கேப்பாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

அதன் பிறகு அவர் வண்டி ஓட்டுவதே மாறிவிட்டது. நிறுத்தத்தில் நீல உடுப்பு தெரிந்தால் வேகம் குறையும். ஏறுகிறவர் அட்டையைக் காட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்த பிறகும், கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். பயணிகள் புகார் செய்தார்கள். வீட்டில் பொம்மைகள் மேல் படுக்கை விரிப்புகளைப் போர்த்தினார். அது இன்னும் மோசமாக இருக்கிறது என்று மறுநாளே எடுத்துவிட்டார்.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இல்ஸெ டிட்மர் என்ற மூதாட்டி இருக்கிறார். நகராட்சி நீச்சல் குளத்தில் முப்பது வருடம் பயிற்சி கொடுத்தவர். விசில் இல்லாமலேயே குளத்தின் மறுகரைக்குக் கேட்கும் குரல். சிறு வயதில் ஹென்னிங்கைத் தண்ணீரில் தள்ளி நீந்த வைத்தவர் அவர்தான். மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "டேய் ஹென்னிங், உன் முண்டங்கள்லாம் சௌக்கியமா?" என்பார். இல்ஸெ எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு கதவுக்கு இரண்டாவது சங்கிலி போட்டுக்கொண்டார். தெரியாத எண்ணிலிருந்து தொலைபேசி வந்தால் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம். கீழே யாரோ கதவைத் தட்டும் சத்தம். விட்டு விட்டுத் தட்டினார்கள். பிறகு இல்ஸெயின் குரல் கேட்டது. அவர் குரல் என்று அடையாளமே தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தது.

"ஹென்னிங். ஹென்னிங், கொஞ்சம் கீழ வாடா."

நானும் அவரும் ஒரே நேரத்தில் படியிறங்கினோம். கதவின் முன் நீல உடுப்பில் இரண்டு பேர். ஒருவர் நடுவயது ஆண், மற்றவர் இளம்பெண். ஹென்னிங் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"நாங்க போலீஸ்தாங்க. இவங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். திறக்க மாட்டேங்கறாங்க" என்றார் அந்த ஆண்.

கதவுக்குப் பின்னாலிருந்து இல்ஸெ கேட்டார். "டேய், உனக்குத்தான் தெரியுமே. நல்லாப் பாத்துச் சொல்லு. இது நிஜமா?"

ஹென்னிங் பார்த்தார். கைச்சின்னத்தின் தையல், தோள்பட்டை நட்சத்திரம், பொத்தான், பட்டை என்று அவர் பார்வை போவதை நான் கவனித்தேன். கடைசியில் அவர்கள் முகத்துக்கு வந்து நின்றது. அங்கே அவருக்குப் படிக்கத் தெரிந்த எதுவும் இல்லை.

"துணி நிஜம்தான்" என்றார். "ஆளு நிஜமான்னு எனக்குத் தெரியலை."

உள்ளே இல்ஸெ விசும்பும் சத்தம் கேட்டது. அந்த இளம்பெண் கோபப்படவில்லை. இரண்டடி பின்னால் போய், "போலீஸ் அவசர நம்பர் நூத்திப்பத்துக்கு நீங்களே போன் பண்ணிக் கேளுங்க. எங்களை அனுப்பினாங்களான்னு சொல்வாங்க. நாங்க இங்கேயே நிக்கறோம்" என்றாள். நான்தான் பேசினேன். அனுப்பியது உண்மை. இல்ஸெயின் தம்பி கடைவீதியில் மயங்கி விழுந்து மருத்துவமனையில் இருக்கிறார். காலையிலிருந்து அங்கிருந்து அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், இவர் எடுக்கவில்லை.

சங்கிலிகள் கழன்றன. இல்ஸெ மேலங்கியின் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினார். ஹென்னிங்தான் குனிந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். போட்டு முடித்து நிமிர்ந்தவர், "ஒரு நிமிஷம்" என்று அந்த ஆண் காவலரிடம் சொன்னார். படிக்கட்டிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சந்தை, தொப்பி, தாடி வைத்த இளைஞன். சொல்லும்போது இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருந்தன.

அவர்கள் இல்ஸெயை மருத்துவமனையில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தார்கள். தம்பி கண் விழித்துவிட்டார் என்ற தகவலும் அவர்களோடு வந்தது. ஹென்னிங் பயந்ததெல்லாம் அப்படியே நடந்தது. உள்ளே வந்தார்கள், நின்றார்கள், பார்த்தார்கள். அந்த இளம்பெண் பொம்மைகளுக்கு நடுவே இரண்டு தப்படி நடந்து நின்றாள். அவள் போட்டிருந்த அதே உடுப்பில் ஒரு பொம்மை அவள் உயரத்துக்கு நின்றது. அவள் தன்னையறியாமல் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

"இதை எதுக்கு சார் வெச்சிருக்கீங்க?"

ஹென்னிங் அந்தப் பொம்மையின் காலரை நீவிவிட்டார். அவள் வற்புறுத்தவில்லை. இளைஞனின் அடையாளங்களை எழுதிக்கொண்டு போனார்கள். எதையும் எடுத்துப் போகவில்லை.

பிப்ரவரியில் நகை வாங்கிப் போனவன் பிடிபட்டான். அவன் போட்டிருந்தது ஏதோ வேஷக்கடையில் வாங்கிய மட்டமான சட்டை. முதுகில் 'போலீஸ்' என்ற எழுத்துகள்கூட இஸ்திரி போட்டு ஒட்டியவை. தாடியும் இல்லை, வயதும் பொருந்தவில்லை. இல்ஸெ பழைய குரலில் மாடிப்படி அதிரச் சொன்னார்: "உன்னோடது இல்லடா. இனிமே நிம்மதியாத் தூங்கு."

"அப்ப என்னோடது இன்னும் வெளியதான் இருக்கு" என்றார் ஹென்னிங். "யார் மேலயோ."

இரண்டாவது சங்கிலியை இல்ஸெ இன்னும் கழற்றவில்லை.

காசலில் வசந்த காலச் சந்தைக்கு என் காரில் போனோம். போலீஸ்காரர்கள் பெட்டியைச் சோதனை போட்டுவிடுவார்கள் என்று அவர் ரயிலில் வர மறுத்தார். அந்த இளைஞனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே வந்தார். அவன் வரவில்லை. மதியம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ரொம்ப சாதுவான மனிதர், ஹென்னிங் விற்பனைக்கு விரித்திருந்த மேசைக்கு வந்து ஒரு நீல மேற்சட்டையை விசாரித்தார். சின்னம் பிரிக்கப்பட்டிருந்தது. அடையாள அட்டையை அவரே எடுத்து நீட்டினார். அளவு சரியாக இருக்குமா என்று சிரித்துக்கொண்டே சட்டையைத் தூக்கித் தோளில் மாட்டினார், கைகளை நுழைத்தார், முதல் பொத்தானைப் போட்டார். அவ்வளவுதான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர் நின்றார்.

"கழட்டிடுங்க" என்றார் ஹென்னிங்.

ஆசிரியர் விளையாட்டு என்று நினைத்து விறைப்பாக நின்று காட்டினார்.

"தயவுசெஞ்சு கழட்டிடுங்க."

அவர் குழப்பத்தோடு பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். ஹென்னிங் மேசைக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டினார். சட்டை அவர் கைக்குத் திரும்பி வரும்வரை கைகளைக் கீழே இறக்கவில்லை.