கொய்னா குடிக்காத மனிதர்

மலேரியாக் காய்ச்சல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையை வாரிக்கொண்டிருந்த ஆண்டு அது. வெல்லாவெளிப் பக்கத்து அரசாங்க டிஸ்பென்சரி ஒன்றில் மருந்து கலந்து கொடுப்பது என் வேலை. இரண்டு வருடத்துக்கென்று அனுப்பியிருந்தார்கள். ஐந்தாம் வருடம் நடந்துகொண்டிருந்தது. விடிந்தால் வாசலில் போத்தல்களோடு ஆட்கள் நிற்பார்கள். எனக்கும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. முகங்களைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியாது. போத்தலைப் பார்த்து ஊற்றிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

பட்டினத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிய மூன்றாவது மனுவுக்கு ஒரு காலையில் பதில் வந்தது. இடமில்லை, பொறுத்திருக்கவும். அதைச் சட்டைப்பையில் வைத்து நிமிர்ந்தபோது, வயல் வட்டைக்கரையில் குடியிருக்கும் ஒரு பெண் வெறும் போத்தலை நீட்டினாள். ஒரு கிழமைக்குரிய கொய்னா மருந்தை முந்தாநாள்தான் கொடுத்திருந்தேன்.

“எல்லாம் முடிஞ்சிதா?”

“அவர் குடிக்கிறாரில்ல ஐயா. ஊத்திப்போட்டார்.”

“ஊத்துறதுக்கா நான் இஞ்ச கிடந்து சாகிறன்? போ, இனி வராத.”

அவள் போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

என்னோடு வேலை செய்த ஏறாவூர்க்காரர் ஒருவர் காயங்களுக்குக் கட்டுப்போடுபவர். என்னைவிட மூத்தவர். ஆட்கள் போய் முடிந்தபின், “ஐயாட கோபம் அந்தப் பொம்பிளையோட இல்ல, கடதாசியோட” என்றார்.

அவர் சொன்னது சரி என்பதும் களைப்பாகத்தான் இருந்தது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குமேல் ஓடவில்லை. எழுந்து, மருந்தையும் அவுன்ஸ் கிளாசையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வரம்புவழியே நடந்தேன்.

அவளுடைய புருஷன் பாயில் சுருண்டு கிடந்தார். வயல் காவல்காரர். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

“அதக் குடிச்சா காது இரையுது ஐயா. செவிடாப் போனா, யானை வாற சத்தம் எப்பிடிக் கேக்கிற?”

ஐந்து வருடத்தில் இதை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

“எனக்கும் இரையுது. காய்ச்சல் சுகமாகி மருந்த விட்டா, மறுகா அதுவும் நிண்டிரும்.”

அவர் நம்பவில்லை. அன்று நான் என் மருந்தைக் குடித்திருக்கவில்லை. அதை அளந்து அவர் முன்னாலேயே குடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை நீட்டினார்.

வாசலில் அவளிடம், “காலையில ஏசிப்போட்டன்” என்றேன்.

“காய்ச்சக்காரன் ஏசுறதானே ஐயா” என்றாள். அந்த வரிசையில் நின்றவள் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

அவர் தேறிவிட்டார். அதன்பின் மருந்துக்கு வராமல் நின்றுபோனவர்களின் வீடுகளுக்கு ஏறாவூர்க்காரரும் நானும் பின்னேரங்களில் போகத் தொடங்கினோம். களைப்புக் குறையவில்லை, கூடியது. ஆனால் எந்த வீட்டில் யார், எதற்காகக் குடிக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு விட்டுவிட்டுப் போக எனக்கு இயலவில்லை.