ஒரு கைக்கு மட்டும் கிளவுஸ்

கரிக்கலாம்பாக்கத்தில் பல் பிடுங்கிக்கொண்டவர்களில் கல்பனாவின் இடது கையைப் பிடிக்காதவர்கள் குறைவு. நானும் பிடித்திருக்கிறேன். மருந்துக் கடை வைத்து ஊருக்கே ஊசி விற்கிற ஆள், எனக்கென்று ஊசி வந்ததும் அந்தக் கையை நசுக்கியே விட்டேன். "எலும்பு ஒடிஞ்சிடும் பாய், கொஞ்சம் பாத்து" என்று சிரித்தாள்.

என் கடைக்குப் பக்கத்தில்தான் டாக்டர் ராஜ்மோகனின் பல் கிளினிக். கல்பனா அங்கே பெருக்கித் துடைக்க வந்தவள். போகப்போக, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க டாக்டர் சொல்லிக்கொடுத்தார். குழாய் பிடிக்கிற வலது கைக்கு கிளவுஸ் போட்டுக்கொள்வாள். இடது கை வெறும் கை. அது நாற்காலியில் படுத்திருப்பவர் பிடித்துக்கொள்வதற்கு. "ரப்பரப் புடிச்சா யாருக்கு பாய் தைரியம் வரும்?" என்பாள்.

கையைக் கொடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பாள். நேற்று வைத்த குழம்பு, வீட்டுக்குள் வந்த தவளை, டிவியில் பார்த்தது என்று ஓயாது. வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர் என்ன பதில் சொல்வார்? "ங்ங்" என்பார். அவளுக்கு அது போதும்.

போதும் என்று நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நெல் விளைந்த நிலத்தை மனையாகப் போட்டபோது அவளும் புருஷனும் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார்கள். கட்டிய மறு வருஷம் மாரடைப்பில் அந்த மனுஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. மற்ற மனைகளை வாங்கியவர்கள் விலை ஏறட்டும் என்று கல்லை நட்டுவிட்டுப் போனவர்கள். அக்கம்பக்கம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வீடு கிடையாது. சாயங்காலம் கதவைச் சாத்தினால் காலையில் கிளினிக்கைத் திறக்கும்வரை அவள் யாரிடமும் பேச வழியில்லை.

அதனால்தான் கிளினிக்குகளில் ஆய்வு நடத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் டாக்டரைவிட அவள் அதிகமாகப் பயந்தாள். "மூடிட்டாங்கன்னா நான் எங்க போவேன் பாய்? வூட்லயே ஒக்காந்தா பைத்தியம் புடிச்சிடும்" என்றாள். சுவரைத் தேய்த்தாள், நாற்காலியின் அடிப்பக்கம் வரை துடைத்தாள்.

ஆய்வுக்கு வந்தது ஒரு பெண் அதிகாரி. டாக்டர் துணைக்கு என்னையும் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்திருந்தார். அந்த அம்மா கத்துவார், எதிர்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று நான் தயாராக இருந்தேன். மரியாதையாகப் பேசித் தொலைத்தார். வழக்கம்போல வேலை செய்யுங்கள், பார்க்கிறேன் என்றார்.

அன்று பல் வலியோடு வந்திருந்தவர் கரும்பு போடுகிற முத்துசாமி. அதிகாரி பார்க்கிறாரே என்று கல்பனா தன் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் காட்டினாள். கையைக் கொடுத்தாள். "அவ்ளோதாண்ணா, முடிஞ்சிடுச்சி, கண்ண மூடிக்கோங்க" என்று தாலாட்டாத குறை. முத்துசாமி கடைவாயில் வழிந்ததைக் கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் அவள் கையைப் பிடித்தார். டாக்டர் பஞ்சு கேட்டார். அவள் அதே கையால் டிராயரைத் திறந்து பஞ்சை எடுத்துக் கொடுத்தாள்.

முத்துசாமி எழுந்து போனதும் அதிகாரி அவளிடம் மெதுவாகச் சொன்னார். "அவர் ரத்தமும் எச்சிலும் இப்ப உங்க கையில இருக்கும்மா. அந்தக் கைய அந்த டிராயர்ல விட்டீங்க. அடுத்து வர்றவருக்கும் அதுல இருந்துதான் பஞ்சு எடுப்பீங்க."

கல்பனா தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பாவம், அதையும் அவர் பார்த்தார்.

எனக்குக் கோபம்தான். ஆனால் யார்மேல் படுவது? ரத்தத்தில் தொற்றுகிற காமாலைக்கு மருந்து விற்கிறவன் நான். அந்த அம்மா சொன்னது தப்பு என்று எந்த வாயால் சொல்வேன்?

கிளினிக்கை மூடவில்லை. திருத்தச் சொன்னதை எல்லாம் டாக்டர் மளமளவென்று செய்தார். ஊசியை வெட்டிப் போட ஒரு மெஷின், கழிவுக்கு நிறம் நிறமாகப் பைகள், நாற்காலிக்குப் போகிற தண்ணீருக்கு வடிகட்டி. அதற்கென்று பயிற்சி பெற்ற செல்வகுமாரி என்ற பெண் இரண்டு கைக்கும் கிளவுஸ் போட்டுக்கொண்டு நாற்காலிப் பக்கம் வந்தாள். பின்னறை கிருமி நீக்கும் அறையாயிற்று. கருவிகளைக் கழுவி, உறையில் போட்டு, நீராவி மெஷினில் வைத்து எடுக்கிற வேலை கல்பனாவுக்கு. கதவு மூடியே இருக்க வேண்டும்; வேறு யாரும் உள்ளே போகக் கூடாது.

நான் சும்மா இருக்கவில்லை. "அவங்கள முன்னாடி டோக்கன் கொடுக்கவாவது உக்கார வைங்க டாக்டர்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கருவி விஷயத்துல அவங்கள மாதிரி யார நம்புறது பாய்? சம்பளமும் ஏத்திட்டேனே" என்றார்.

உண்மைதான். மறு ஆய்வுக்கு வந்த அதிகாரி முதலில் பாராட்டியது பின்னறையைத்தான். டாக்டர் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். கல்பனாவுக்குத் தன் பங்கைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்னவும் வழியில்லை. அந்த அறையில் சாப்பிடக் கூடாதாம். வெளியே என் கடை வாசலில் நின்று தின்றாள்.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்து என் கடைக்கு வருவாள். பல் பிடுங்கிக்கொண்டவர்கள் மாத்திரைக்கு என்னிடம்தானே வருகிறார்கள். "இன்னிக்கு யாராச்சும் என்னக் கேட்டாங்களா பாய்?" என்பாள்.

இல்லை என்பேன். "சரி" என்று கிளம்பிவிடுவாள். சில நாள் கேட்காமலே என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள்.

நேற்று அவள் கேட்டபோது வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. "கேட்டாங்கம்மா."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "யாரு பாய்?"

ஒரு பெயரும் வரவில்லை. ஊரில் யார் என்ன மாத்திரை தின்கிறார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவள் அவரை எங்காவது பார்த்துக் கேட்டுவிடுவாளே. மாத்திரை அட்டையை எடுத்து அடுக்குவதுபோல் பாவனை செய்தேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு எனக்காகச் சிரித்தாள்.

"உடுங்க பாய். வாயில பஞ்ச கடிச்சினு வர்றவங்க எப்டி கேப்பாங்க?"

பஞ்சைக் கடித்துக்கொண்டேதான் எல்லோரும் என்னிடம் மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். "அதாம்மா" என்றேன்.