மாடிப்படிக்குக் கீழே ஒரு தலைவர்

விரல்களை ஒவ்வொன்றாகச் சொடக்கெடுத்து, பிளேன்டியில் ஒரு மிடறு உறிஞ்சி, கதிரையை மேசையோடு ஒட்ட இழுத்துக்கொண்ட பிறகுதான் நுஸ்கி மவுஸைத் தொடுவார். தொட்டதும் ஒரு சிரிப்பு. நாம் வாயைத் திறந்ததும் பல் டொக்டர் சிரிப்பாரே, அந்த மாதிரிச் சிரிப்பு. "இப்ப பாருங்க, கலஹாவுல ஒருத்தி கதிரைய உட்டுத் துள்ளி எழும்புவா" என்று சொல்லிக்கொண்டே ஒரு கிளிக். சொன்னது ஃபேனுக்கு. வேறு யாருக்குச் சொல்வது? அந்தக் கம்பனியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருப்பது அவரும் அந்த ஃபேனும்தான்.

கம்பனி என்றால் முனாப் ஹாஜியாரின் மூக்குக்கண்ணாடிக் கடைகள். கண்டி டவுனில் தலைமைக் கடை. வத்தேகம, கலஹா, அக்குறணை என்று சுற்றுவட்டாரத்தில் கிளைகள். தலைமைக் கடையின் மாடிப்படிக்குக் கீழே, கூட்டுகிற தும்புத்தடிகள் சாத்தி வைத்திருந்த மூலையைக் காலி செய்து நுஸ்கிக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனால் மனிதர் வெளியே ரோட்டில் நடக்கும்போதும் குனிந்தே நடக்கிறார். அலவத்துகொட பஸ்ஸில் அவர் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து ஆட்கள் சீட்டுக்கடியில் தேடிக் கொடுக்கப் பார்ப்பார்கள். மேலே ஹாஜியார் படியேறினால் கீழே நுஸ்கியின் பிளேன்டியில் தூசு விழும். அதை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிப்பார். அந்தக் குகைக்குள் இருந்துகொண்டுதான் ஆட்சி.

ஆட்சி சின்னதல்ல. கிளைகளின் வாசலை மிதிக்காமலே அங்குள்ள கம்பியூட்டர்களுக்குப் புதிய மென்பொருளை அனுப்பி ஏற்றிவிடுவார். ஏற்றி முடிந்ததும் கம்பியூட்டர் ஒருமுறை அணைந்து எழும்ப வேண்டும். அணைவதற்கு முன் அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பதா, கேட்காமலே அணைப்பதா, எத்தனை தரம் ‘பிறகு’ என்று ஒத்திப்போட விடுவது என்பதையெல்லாம் தீர்மானிக்கிற பெட்டி ஒன்று நுஸ்கியின் திரையில் இருக்கிறது. ஊரில் மற்றவர்கள் அதை செட்டிங் என்பார்கள். நுஸ்கிக்கு அது சிங்காசனம். அவர் கிளிக் பண்ணினால் மகாவலி ஆறே ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் ஓடும் என்று கவுண்டர்ப் பெண்கள் சொல்கிறார்கள். நின்றதைப் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணுகிற ஒருத்தியும் இருக்கிறாள்.

அந்தப் பெட்டியைத் திறந்தால் நுஸ்கி யார் யாருக்கு எவ்வளவு பயப்படுகிறார் என்பது வரிசையாகத் தெரியும். ஹாஜியாரின் லெப்டொப்பை அணைக்கவும் கூடாது, ஒரு செய்தி காட்டவும் கூடாது. அது போன வருடத்து மென்பொருளோடு மூக்கொழுகிய பிள்ளை மாதிரி இழுத்து இழுத்து ஓடுகிறது. கிளை மனேஜர்மாரிடம் கேட்கலாம்; அவர்கள் விரும்பியவரை ஒத்திப்போடலாம். அக்குறணை மனேஜர் ரிஸ்மி நுஸ்கியின் மச்சான். கல்யாண வீட்டில் ஒருமுறை பிரியாணி பத்தாமல் போன கோபத்தில் அவருக்கு மட்டும் ஒரேயொரு தரம். கவுண்டர்ப் பெண்களுக்கும் கண் பரிசோதிக்கும் அறைகளுக்கும் கேள்வியே கிடையாது, நேரே அணைப்பதுதான். ஏன் என்று கேட்டால், "அதுகளுக்கிட்டக் கேட்டா கியாமத்து நாள் வரைக்கும் பொறகு பொறகுன்டு அமத்திக்கிட்டே ஈக்கும்" என்பார்.

கேட்கிற இடங்களில் திரையில் விழும் செய்தியை அவரே எழுதுவார். பேசும்போது சாதாரண மனிதர். எழுத உட்கார்ந்தால் அரசாங்க வர்த்தமானி. "பெருமதிப்புக்குரிய பாவனையாளருக்கு" என்று பெரிய எழுத்தில் ஆரம்பித்து, மென்பொருள் இனிதே நிறுவப்பட்ட சங்கதியைக் கல்யாணச் செய்தி போல் அறிவித்து, கீழே சின்ன எழுத்தில் கையொப்பம் வைப்பார்: "ஹாஜியாரின் பூரண அங்கீகாரத்துடன், எம். என். நுஸ்கி, தலைவர், தகவல் தொழில்நுட்பம்."

தலைவர் என்று அவரை இன்னும் யாரும் ஆக்கவில்லை. ஆக்குவதாக ஹாஜியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். மாடியில் ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியாகப்போகிறது. "ஒழுங்கா செஞ்சிக் காட்டு மகன், அந்தக் கதவுல ஒன்ட பேரப் போடுவம்." அன்றிலிருந்து நுஸ்கிக்கு அந்தக் கதவைத் தவிர வேறு நினைப்பில்லை. பெயர்ப்பலகை பித்தளையா மரமா என்று முடிவெடுக்க முடியாமல், போகிற வருகிற கந்தோர்களின் கதவுகளையெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டு திரிந்தார். ஒரு வங்கியில் காவலாளி கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான். பலகை வரும்வரைக்கும் பட்டத்தைச் செய்தியில் மட்டும் சூட்டிக்கொண்டார். பயப்பட ஒன்றுமில்லை. மனேஜர்மார் முதல் சொல்லை எட்டுமுன்பே ‘பிறகு’வை அமுக்கிவிடுவார்கள். வாசித்தால் வில்லங்கம் பண்ணக்கூடிய ஒரே ஆள் ஹாஜியார். அவருக்குச் செய்தியே போகாது.

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் சுப்பம்மா என்ற தேயிலைத் தோட்டத்து அம்மா. வத்தேகமக் கிளையின் பரிசோதனை அறையில், நாடியை நிமிர்த்திக்கொண்டு சுவர்த்திரையின் எழுத்துகளை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நுஸ்கியின் கிளிக் போய்ச் சேர்ந்தது. திரை கறுத்தது. "ஐயோ சாமி, இருந்த கண்ணும் அவிஞ்சி போச்சே!" என்று சுப்பம்மா போட்ட சத்தத்தில் சந்தையில் முட்டைக்கோவா நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசைக் கீழே போட்டான்.

அங்கே கண் பரிசோதிக்கிற ஜெயராணி உடனே கண்டிக்கு போன் எடுத்தாள்.

"சேர், எங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு அணைங்களேன்."

"மழ பெய்யிறத்துக்கு முந்தி ஒங்களுக்கிட்டக் கேக்குதா ஜெயராணி?"

"மழை மேலேருந்து வருது சேர். நீங்க மாடிப்படிக்குக் கீழேருந்துல்ல அனுப்புறீங்க. முடியாதுன்னா சொல்லிருங்க, நான் ஹாஜியார்கிட்டயே பேசிக்கிறேன்."

ஹாஜியார் என்றதும் நுஸ்கியின் குரல் தணிந்தது. "சரி சரி, கேக்குறன். கேக்குற மாதிரிக் கேக்குறன்."

கேட்கிற மாதிரிதான் கேட்டார். பரிசோதனை அறைகளுக்கென்றே தனியாக ஒரு செய்தி தயாரானது. பழைய செய்தியோடு, "சோம்பல் காரணமாகப் ‘பிறகு’ என்பதை அழுத்தும் ஊழியர்களின் பெயர்கள் ஹாஜியாரின் கடும் நடவடிக்கைக்குச் சமர்ப்பிக்கப்படும்" என்றொரு வரி. செய்தி திரை முழுவதையும் மூட வேண்டும் என்று ஓர் அடையாளம் போட்டார். பதில் சொல்லும்வரை செய்தி மறையக் கூடாது, அனுப்பியவரே நினைத்தாலும் திருப்பி எடுக்கக் கூடாது என்று இன்னொன்றும் போட்டார். "இப்ப வாசிக்காம எங்க போவா?" என்றார் ஃபேனிடம்.

அடுத்த வியாழன், லுஹர் தொழுதுவிட்டு வந்து கிளிக். அவர் திரையில் கிளைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. வத்தேகமப் பரிசோதனை அறை மட்டும் மஞ்சளில் நின்றது: பதிலுக்காகக் காத்திருக்கிறது. நுஸ்கிக்கு அல்வா சாப்பிட்டது போல் இருந்தது. போனை எடுத்தார்.

"என்ன ஜெயராணி, கேக்கச் சொன்னீங்க, கேட்டாச்சி. பதிலத்தான் காணல்ல?"

"பேஷன்ட் இருக்காங்க சேர். அப்படியே லைன்ல இருங்க." போனை மேசையில் வைக்கிற சத்தம். அதற்குப் பின்னால் ஓர் ஆண் குரல்.

"இதென்ன மகள், புது போர்டா? முந்தி தனித் தனி எழுத்துத்தானே வரும். இதுல கதையே எழுதி வெச்சீக்கி?"

ஹாஜியார்! ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டு, தன் கண் கழுகுக் கண் என்று மார்தட்டுகிறவர். போன பெருநாளன்று ஒரு மின்கம்பத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு, அது பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டவர். கண்டிக் கடையில் கண்ணைக் காட்டினால் பெண்கள் சிரிப்பார்கள் என்று பயந்து, கிளையைப் பார்வையிடுகிற சாட்டில் வத்தேகமைக்குப் போயிருக்கிறார். நுஸ்கி லெப்டொப்புக்குத்தான் பாதுகாப்புக் கொடுத்திருந்தார். ஹாஜியார் எந்தக் கதிரையில் போய் உட்காருவார் என்று அவர் யோசித்திருக்கவில்லை.

"ஹெட் ஒஃபிஸ்லேருந்து அனுப்பியிருக்காங்க சேர். மேலேருந்து வாசிங்க, தெரியிற வரைக்கும்."

"பெரு... மதிப்புக்குரிய... பாவனையாளருக்கு."

நுஸ்கி ‘நிறுத்து’ என்ற பொத்தானை அமுக்கினார். திருப்பி எடுக்க முடியாது என்றது திரை. மறுபடி அமுக்கினார். அது மறுபடி சொன்னது. சொல்லிக் கொடுத்தவர் அவரல்லவா!

"அதுக்குக் கீழ பூச்சி ஊர்ற மாதிரி ஈக்கி மகள்."

"இருங்க சேர், வேற வில்லை போடுறேன். இப்ப?"

"ஆ... இப்ப ஈக்கி. சோம்பல் காரணமாக... பெயர்கள்... ஹாஜியாரின் கடும் நட... கடும் நடவடிக்கைக்கு. நான் எப்ப நடவடிக்கை எடுத்த?"

"நீங்க வாசிங்க சேர். கடைசி வரிதான் ரொம்ப முக்கியம். அது தெரிஞ்சாத்தான் நம்பர் சரியா வரும்."

வில்லைகள் கிணுங்குகிற சத்தம். அவள் அடுத்து எடுக்கிற வில்லை பிழையான வில்லையாகட்டும் என்று நுஸ்கி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வேண்டினார். ஜெயராணி வேலையில் கெட்டிக்காரி. பிழையான வில்லை அவள் கைக்கு வராது.

"எம். என். நுஸ்கி" என்றது ஹாஜியாரின் குரல். "த... தலை..."

"இது தெளிவா, முந்தினது தெளிவா சேர்?"

"இது. இதுதான் தெளிவு. தலைவர்." பிறகு, "என்ட பூரண அங்கீகாரத்தோடயாம்" என்றார். யாருக்கும் சொல்லாமல், தனக்கே சொல்வது போல்.

"ரெண்டு பொத்தான் காட்டுது சேர். ‘இப்போது’, ‘பிறகு’. எதை அமுக்கட்டும்?"

"பொறகு" என்றார் ஹாஜியார். வத்தேகம மஞ்சளிலேயே நின்றது.

சனிக்கிழமை காலை தங்க நிறச் சட்டம் போட்ட புதுக் கண்ணாடியோடு ஹாஜியார் கடைக்கு வந்தார். படியேறுமுன் ஒருநாளும் இல்லாமல் குனிந்து குகைக்குள் எட்டிப் பார்த்தார். நுஸ்கி எழும்பப் போய் மண்டையை இடித்துக்கொண்டார்.

"எப்பிடி மகன் கண்ணாடி?"

"மாஷா அல்லாஹ், வயசு கொறஞ்சி ஈக்கி ஹாஜியார்."

"இப்ப எல்லாம் தெரியுது."

"அந்த மேல் ரூம் விஷயம், ஹாஜியார்..."

"அதுவா? பொறகு பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே ஹாஜியார் ஏறினார். தூசு விழுந்தது. நுஸ்கி ஊதாமலே குடித்தார்.

குடித்து முடித்து, அந்தச் செய்தியைத் திரையில் திறந்தார். கையொப்ப வரிக்குப் போய், ‘தலைவர்’ என்ற சொல்லின் பக்கத்தில் நின்றார். அழிக்கிற விசையில் விரலை வைத்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, எழுத்தின் அளவை ஒரு படி சின்னதாக்கினார். திரையில் மூக்கு முட்டுமட்டும் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இன்னுமொரு படி சின்னதாக்கினார்.